திடீர்னு ஒரு காது கேக்கலையா? ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்புடுறவங்களுக்கு ஒரு விளக்கம்

கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, ஒரு ஃபார்மசி கவுண்டர்ல நிக்கிற எனக்கு ஒரே விஷயத்த பத்தி ரெண்டு நேர் எதிரான கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. ஒரு ஆண்ட்டி வந்து "தம்பி, இந்த வார்ஃபரின் சாப்புட ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு பக்கம் காது மந்தமா இருக்குப்பா, கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கவா"னு கேப்பாங்க. இன்னொரு அங்கிள் வந்து "காலைல எந்திரிச்சா வலது காது சுத்தமா கேக்கல, ரத்தம் கட்டிக்கிச்சுனு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, அந்த ஹார்ட்டுக்கு சாப்புடுற ஆஸ்பிரின், கார்டிப்ரின், ஒரு பெட்டி குடு, ரத்தம் ஓடுனா சரியாயிடும்ல"ம்பாரு. ஒருத்தருக்கு அந்த மருந்துதான் காத கெடுத்துச்சுனு பயம், இன்னொருத்தருக்கு அதே மாதிரி மருந்துதான் காத காப்பாத்தும்னு நம்பிக்கை. ரெண்டு பேருக்கும் என் பதில் ஒன்னுதான்: நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க, இன்னைக்கே டாக்டர போய் பாருங்க. ஏன் இவ்ளோ அவசரப்படுத்துறேன்னு கேட்டா கவுண்டர்ல நின்னுக்கிட்டு சொல்லி முடிக்க முடியாது, அதனால இங்க எழுதுறேன்.

மொதல்ல மருந்து. ஆஸ்பத்திரில "உபாட் சாயிர் டாரா", அதாவது ரத்தத்த நீர்க்க வைக்கிற மருந்துன்னு சொல்லிக் குடுப்பாங்களே, அதுல ரெண்டு குடும்பம் இருக்கு. நம்ம உடம்புல எங்கயாவது வெட்டுப்பட்டா ரத்தம் உறையறதுக்கு ரெண்டு கூட்டம் சேர்ந்து வேல செய்யுது. ஒன்னு பிளேட்லெட், டெங்கி வந்தா தினமும் எண்ணுவாங்களே, அதேதான். இன்னொன்னு கல்லீரல் செய்யிற உறைதல் புரதங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிக்காக்ரெலோர் இதெல்லாம் பிளேட்லெட் ஒன்னோட ஒன்னு ஒட்டாம பாத்துக்கும், அடைச்ச இதயக் குழாய தொறந்து வைக்க ஸ்டெண்ட் வச்சவங்க, ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு பெரும்பாலும் இதுதான். வார்ஃபரின், ரிவாரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் இதெல்லாம் அந்த புரதங்கள அடக்குற மருந்து, இதயம் தாறுமாறா துடிக்கிற ஏஎஃப் நோய் உள்ளவங்க, கால்ல ரத்தக்கட்டி வந்தவங்க, செயற்கை வால்வு வச்சவங்க இதுல வருவாங்க. செயற்கை உலோக வால்வுக்கு மட்டும் இன்னைக்கும் வார்ஃபரின்தான், புது மருந்துங்க அதுக்கு ஆகாது. எந்த குடும்பமா இருந்தாலும் ரத்தம் தண்ணி மாதிரி ஆகுறதில்ல, ரத்தம் அதே கெட்டியாத்தான் ஓடுது, உறையறதுக்கு எடுத்துக்குற நேரம் மட்டும் கூடுது.

வார்ஃபரின் எலி மருந்தாமேன்னு கேக்குறவங்களும் உண்டு. ஆமா, அமெரிக்காவுல 1948ல எலி கொல்லத்தான் வித்தாங்க, 1954லேர்ந்து மனுசங்களுக்கும் குடுக்குறாங்க. அளவுதான் வித்தியாசம், அந்த அளவு சரியா இருக்கான்னு பாக்கத்தான் ஐஎன்ஆர் டெஸ்ட், ரத்தம் உறைய எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு காட்டுற நம்பர் அது. நிறைய பேருக்கு 2லேர்ந்து 3க்குள்ள இருக்கணும்னு வச்சிருப்பாங்க, சில வால்வுக்கு கொஞ்சம் கூடுதலா. 2க்கு கீழ போனா கட்டி உண்டாகலாம், 4, 5னு ஏறுனா எங்க வேணும்னாலும் ரத்தம் கசியலாம். இந்த நம்பர மனசுல வச்சிக்குங்க, பின்னாடி காது விஷயத்துல இது திரும்ப வரும்.

இப்ப காது. வெளிய தெரியிற காது, செவிப்பறை, அதுக்கு பின்னாடி மூணு குட்டி எலும்பு, அதுக்கும் உள்ள போனா மண்டை எலும்புக்குள்ள பதிஞ்சிருக்கு உட்காது. அதுல ரெண்டரை சுத்து சுருண்ட ஒரு குழாய், நீட்டிப் பாத்தா சுமார் மூணரை சென்டிமீட்டர்தான், அதுக்குள்ள சத்தத்த நரம்பு சிக்னலா மாத்துற மயிரணுக்கள் ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கு. அவ்ளோதான், பொறந்தப்ப குடுத்தது. செத்துப் போனா மனுசனுக்கு அது திரும்ப முளைக்காது. தோல் முளைக்குது, முடி முளைக்குது, இது முளைக்கிறதில்ல. எனக்கு இந்த விஷயத்துல இவ்ளோ பதட்டம் வர்றதுக்கு இதுதான் காரணம்.

அந்த அணுக்களுக்கு ஆக்சிஜன் ரொம்ப வேணும், ஆனா ரத்தம் கொண்டு வர்ற வழி ஒன்னே ஒன்னு, மூளைக்கு கீழ் பக்கம் போற ரத்தக்குழாய்லேர்ந்து பிரியிற ஒரு நூல் மாதிரி தமனி. நம்ம தாமான்ல ஒரே வாசல் உள்ள ஜாலான் மாத்தி, அதான் முட்டுச்சந்து, இருக்கும்ல, முன்னாடி ஒரு லோரி நின்னுட்டா உள்ள இருக்குற வீட்டுக்கு எந்தப் பக்கமும் போக முடியாது, அந்த தமனியும் அப்படித்தான். கைக்கோ வயித்துக்கோ ஒரு குழாய் அடைச்சா பக்கத்துக் குழாய் கொஞ்சமாவது ஈடு குடுக்கும், உட்காதுக்கு அந்த வசதி கிடையாது.

டாக்டருங்க திடீர் செவித்திறன் இழப்புன்னு சொல்றது எதுன்னா, 72 மணி நேரத்துக்குள்ள, அதாவது 3 நாளுக்குள்ள, அடுத்தடுத்த மூணு சுருதியில குறைஞ்சது 30 டெசிபல் கேக்குற திறன் குறையறது, அதுவும் உட்காது இல்லன்னா நரம்பு சம்பந்தப்பட்டதா. நம்ம பாஷையில சொல்லணும்னா தூங்கி எந்திரிக்கிறப்போ ஒரு காதுல ஃபோன் வச்சா யாரு பேசுறாங்கன்னே புரியல, கூடவே ஙொய்னு ஒரு சத்தம், காதுக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி அடைப்பு, சில பேருக்கு தலை சுத்தல். வலி பெரும்பாலும் இருக்காது. வலி இல்லாததுதான் பெரிய ஆபத்து, ஏன்னா வலி இருந்தா நம்ம ஆளுங்க ஓடிருவாங்க, இது வெறும் அடைப்புதானேன்னு விட்டுர்றாங்க. சளி பிடிச்சிருக்கும், நேத்து நீச்சல் குளத்துல தண்ணி போயிருக்கும், ஏர்கோன் காத்து பட்டிருக்கும், பத்துமலையில உறுமி சத்தம் கேட்டதுனால இருக்கும்னு ஒரு வாரம் ஓடிரும். காதுல அழுக்கு அடைச்சாலும் இதே மாதிரிதான் இருக்கும்ங்குறது உண்மை, ஆனா எது அழுக்கு எது நரம்புன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நம்மளால கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுல ஒரு சின்ன சோதனை செய்யலாம், டாக்டருக்கு பதிலா இல்ல, டாக்டர்கிட்ட சொல்றதுக்கு. வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு ஒரே சுருதியில இழுங்க. அழுக்கு மாதிரி வெளிப்பக்க அடைப்பா இருந்தா அந்த சத்தம் அடைச்ச காதுலதான் பெருசா கேக்கும். உட்காது பழுதா இருந்தா நல்ல காது பக்கம்தான் கேக்கும். டாக்டர் டியூனிங் ஃபோர்க் தட்டி நெத்தியில வச்சி பாக்குறது இதையேதான். நல்ல காது பக்கம் கேட்டுச்சுன்னா அன்னைக்கே கெளம்புங்க, அடைச்ச காதுல கேட்டுச்சுன்னாலும் போங்க, அழுக்குன்னா எடுத்துவிட்டு நிம்மதியா வரலாம்.

சரி, ஆண்ட்டி கேட்ட கேள்விக்கு வர்றேன். மருந்து காத கெடுக்குமா?

ரொம்ப அபூர்வமா ஒரு வழி இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்புடுறவங்களுக்கு, முக்கியமா ஐஎன்ஆர் எல்லை மீறி ஏறியிருக்கறப்போ, உட்காதுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சி ஒரு பக்கம் காது கேக்காம போயி கடுமையா தலை சுத்தினதா மருத்துவ பத்திரிகைகள்ல தனித்தனி கேஸா எழுதியிருக்காங்க, எம்ஆர்ஐ ஸ்கேன்ல அந்த ரத்தம் தெரியும். அதனால வார்ஃபரின் சாப்புடுறவருக்கு திடீர்னு காது போனா அன்னைக்கே ஐஎன்ஆர் பாக்கறது நல்லது. ஆனா இது அபூர்வம்ங்குறத அழுத்தி சொல்றேன், பயத்துல மருந்த தூக்கிப் போடுறதுக்கு இது காரணம் ஆகாது.

ஆஸ்பிரின் கதை வேற. அதிக அளவுல, ஒரு நாளைக்கு சில ஆயிரம் மில்லிகிராம் அளவுல சாப்புட்டா ரெண்டு காதுலயும் இரைச்சல், காது மந்தம் வரும், நிறுத்தினா பெரும்பாலும் சில நாள்ல திரும்பிடும். ஹார்ட்டுக்குன்னு குடுக்குற 100 மில்லிகிராம் அந்த கணக்குலயே வராது. ஒரு காது மட்டும் ஒரே ராத்திரியில போறது ஆஸ்பிரின் செய்யிற வேலை மாதிரி இல்ல. ஹார்ட் பேஷண்ட்டுக்கு கூடவே வேற மருந்தும் ஓடும்ல, அதையும் பாக்கணும், ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ ஊசியில போட்ட ஜென்டாமைசின்ங்குற ஆன்டிபயாட்டிக், அதிக அளவுல நரம்பு வழியா ஏத்தின ஃப்ருசமைட்ங்குற நீர் பிரியிற மருந்து, கேன்சருக்கு குடுக்குற சிஸ்பிளாட்டின், இதுங்கதான் காதுக்கு உண்மையிலயே பேர் போன மருந்துங்க.

ஆனா என்ன கேட்டா நிறைய பேர் பாக்காம விடுற காரணம் மருந்து சீட்டுல இல்ல, அந்த மருந்த எதுக்கு குடுத்தாங்களோ அந்த வியாதியிலதான் இருக்கு. சக்கரை, பிரஷர், கொழுப்பு, ஏஎஃப், இதெல்லாம் குட்டி ரத்தக்குழாய கெடுக்குற வியாதிங்க. உட்காதுக்கு இருக்குறதே குட்டி குழாய்தான். மலேசியாவுல 2019 தேசிய சுகாதார கணக்கெடுப்புல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சக்கரைன்னு வந்துச்சி, அதுலயும் நம்ம இந்தியருங்ககிட்டதான் அதிகம். அதனால மருந்து சாப்புடுறவருக்கு காது போச்சுன்னா மருந்தாலதான்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி, அந்த மருந்து காவல் இருக்குற வியாதிதான் இப்ப காதுல கைய வைக்குதான்னு யோசிக்கணும். அந்த நேரம் பாத்து மருந்த நிறுத்தினா என்ன ஆகும்? ஏஎஃப் உள்ளவங்களுக்கு மத்தவங்கள விட ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு சுமார் 5 மடங்கு. ரிவாரோக்சபான், அபிக்சபான் மாதிரி மருந்துங்க ஒரு நாள் ரெண்டு நாள் விட்டாலே உடம்புலேர்ந்து போயிரும், பாதுகாப்பும் கூடவே போயிரும். ஸ்டெண்ட் வச்ச கொஞ்ச மாசத்துல குளோபிடோக்ரெல்ல விட்டா ஸ்டெண்ட்டே அடைச்சிக்கலாம். காதுக்காக உயிர பணயம் வைக்கிற வேலை அது, தயவு செஞ்சி செய்யாதீங்க.

இப்ப அங்கிளோட கேள்வி. ரத்தம் அடைச்சிதான் காது போச்சுன்னா அடைப்ப எடுக்குற மருந்து சாப்புட்டா சரியாகணும்ல? கேக்க நியாயமாத்தான் இருக்கு, டாக்டருங்களும் பல வருசம் அப்படி நெனச்சி பாத்திருக்காங்க. ஆனா உண்மை என்னன்னா திடீர்னு காது போனவங்கள்ல 10 பேருல 9 பேருக்கு கிட்ட என்ன காரணம்னே கண்டுபிடிக்க முடியறதில்ல. வைரஸா இருக்கலாம், ரத்த ஓட்டமா இருக்கலாம், உடம்போட எதிர்ப்பு சக்தியே காத தாக்கியிருக்கலாம். அடைப்புதான்னு உறுதியா காட்டுற டெஸ்ட் கிடையாது, அந்த தமனி அவ்ளோ சின்னது. அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டருங்க சங்கம் 2012ல வெளியிட்டு 2019ல புதுப்பிச்ச வழிகாட்டியில, ரத்தக்கட்டிய கரைக்கிற மருந்தையோ ரத்தக்குழாய விரிக்கிற மருந்தையோ இதுக்கு வழக்கமா குடுக்காதீங்கன்னே சொல்லியிருக்காங்க, பலன் நிரூபணம் ஆகல, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் நிச்சயம் இருக்கு.

அப்ப எப்படி "நான் ஆஸ்பிரின் சாப்புட்டேன் சரியாயிருச்சி", "பாட்டி பூண்டு எண்ணெய் விட்டாங்க தொறந்துருச்சி"ன்னு சொல்றாங்க? பொய் சொல்லல அவங்க. எந்த வைத்தியமும் செய்யாமலே மூணுல ஒரு பங்குலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு பேர் வரைக்கும் ஓரளவு கேக்குற திறன் தானா திரும்பும்னு அதே வழிகாட்டி சொல்லுது. அந்த நேரத்துல எது செஞ்சிருந்தாலும் அதுக்குதான் பேர் போகும். தானா திரும்பாத அந்த மிச்ச பேருக்குத்தான் நாம நாள வீணாக்கக் கூடாது, நீங்க எந்தப் பக்கம்னு முதல் நாள்ல யாராலயும் சொல்ல முடியாது.

டாக்டருங்க குடுக்கறது பெரும்பாலும் ஸ்டீராய்டு, வீக்கத்த அடக்குற மருந்து. பிரெட்னிசோலோன் மாத்திரை, எடைக்கு தகுந்த மாதிரி ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வரைக்கும், முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், சீக்கிரமா ஆரம்பிச்சா நல்லது. மாத்திரையில பலன் கம்மியா இருந்தா, இல்ல சக்கரை ரொம்ப அதிகமா இருந்து மாத்திரை குடுக்க முடியலன்னா, செவிப்பறை வழியா நடுக்காதுக்குள்ள ஊசியில ஸ்டீராய்டு விடுவாங்க, அப்படி விட்டா உடம்பு முழுக்க போறது கம்மி. அழுத்த ஆக்சிஜன் அறையில உக்கார வைக்கிற வைத்தியமும் ஸ்டீராய்டோட சேத்து செய்யிறது உண்டு, எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. ஒரு காது மட்டும் போனா நரம்புல சின்ன கட்டி இருக்கான்னு பாக்க எம்ஆர்ஐ எடுப்பாங்க, பெரும்பாலும் கேன்சர் இல்லாத கட்டிதான், பயப்பட வேண்டாம். பழைய பேஸ்மேக்கர் இருந்தா மறக்காம முன்னாடியே சொல்லிருங்க.

ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்புடுறவங்களுக்கு இங்கதான் உண்மையான கவனம் வேணும், வைத்தியமும் பழைய மருந்தும் மோதுற எடம் இது. பிரெட்னிசோலோன் வார்ஃபரினோட சேந்தா ஐஎன்ஆர் ஏறலாம், ஆரம்பிச்ச ஒரு வாரத்துக்குள்ள ஒரு தடவ செக் பண்ணனும், ஸ்டீராய்ட குறைச்சி நிறுத்துறப்பவும் பாக்கணும், அடுத்த அப்பாய்ன்மெண்ட் ரெண்டு மாசம் கழிச்சிதானேன்னு இருக்கக் கூடாது. ஆஸ்பிரினோட சேந்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியலாம், அதுக்கு வயித்த காக்குற மருந்து வேணுமான்னு கேளுங்க, மலம் கறுப்பா தார் மாதிரி போனா உடனே எமர்ஜென்சி. சக்கரை இருந்தா ஏறும், நல்லாவே ஏறும், வீட்டுல குத்திப் பாத்து எழுதி வைங்க. சில கிளினிக்ல காது இன்ஃபெக்ஷன்னு நெனச்சி ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க, அதுல சிலது வார்ஃபரின் அளவ ஏத்திவிடும், அதனால டாக்டர் மருந்து எழுதறதுக்கு முன்னாடியே "நான் வார்ஃபரின் சாப்புடுறேன்"னு சொல்லுங்க, கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க. தலைவலிக்கு பொன்ஸ்தான்ங்குற வலி மாத்திரை (மெஃபெனாமிக் ஆசிட்) வேண்டாம், பனாடோல் (பாராசிட்டமோல்) அளவோட சாப்புடலாம்.

நாம வாங்கி சாப்புடுறதுலயும் இருக்கு. காது இரையுதுன்னு வர்றவங்க நிறைய பேர் கேக்குறது கிங்கோ மாத்திரை. இரைச்சலுக்கு அது வேல செய்யுதுங்குறதுக்கு நல்ல ஆதாரம் கிடையாது, வார்ஃபரினோட சேந்தா ரத்தக்கசிவு கூடலாம், நான் அவங்களுக்கு எடுத்துக் குடுக்கறதில்ல. பூண்டு, மீன் எண்ணெய் கேப்சூலும் டாக்டர கேக்காம புதுசா ஆரம்பிக்காதீங்க, சமையல்ல போடுற பூண்டு பத்தி கவலை வேண்டாம். கீரை சாப்புடலாம், ஒரே அளவா சாப்புடுங்க, ஒரு வாரம் தினமும் பாயாம் கீரை அடுத்த வாரம் ஒன்னுமே இல்லன்னா ஐஎன்ஆர் ஆடும். அப்புறம் பெக்காம்னு கப்பு வச்சி குத்தி ரத்தம் எடுக்கறது, காதுல மெழுகு கொளுத்தறது, ஹேர்பின் விட்டு நோண்டறது, காச்சின எண்ணெய் ஊத்தறது, இதுல ஒன்னு கூட உட்காது வரைக்கும் போகாது. உங்க ரத்தம் நிக்க நேரம் ஆகும்ங்குறதால ஒரு சின்ன கீறல் கூட காதுக்குள்ள ரத்தம் கட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் டாக்டர் உள்ள பாக்கவே முடியாது.

எங்க போறது? காசு இருந்தா நேரா பிரைவேட் ஈஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டை டாக்டர். இல்லன்னா பக்கத்து கிளினிக் கேசிஹாத்தான், அதாவது அரசாங்க கிளினிக், போயி அன்னைக்கே ரெஃபரல் கேளுங்க, சாயங்காலம் லீவு நாள்னா எமர்ஜென்சி. கேஎல்ல பெரிய ஆஸ்பத்திரி, பிபியுஎம் (மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி), பினாங்குல ஜாலான் ரெசிடென்சில இருக்குற பெரிய ஆஸ்பத்திரி, எல்லாத்துலயும் ஈஎன்டி இருக்கு. கவுண்டர்ல "காது வலி"ன்னு சொல்லிராதீங்க, வரிசையில கடைசிக்கு போயிரும். "தெலிங்கா கிரி தீபா-தீபா தாக் டெங்ஙார்", அதாவது இடது காது திடீர்னு கேக்கலன்னு சொல்லுங்க, எந்த நாள் எத்தன மணிக்கு ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்க, வலது காதுன்னா கிரிக்கு பதிலா கானான். வார்ஃபரின் புக்கு, எல்லா மருந்தும் ஒரு பையில எடுத்துட்டு போங்க. வயசான அப்பா அம்மாவ தனியா அனுப்பாதீங்க, ஒரு காது கேக்காதவங்க நம்பர் கூப்புட்டா தவற விட்டுருவாங்க.

அவசர நம்பர் 999க்கு அடிக்க வேண்டிய நேரமும் இருக்கு. காது போனதோட வாய் கோணுது, பேச்சு குழறுது, ஒரு கை ஒரு கால் தொங்குது, ரெண்டு ரெண்டா தெரியுது, நிக்கவே முடியாத அளவுக்கு தலை சுத்துதுன்னா அது காது பிரச்சினை மட்டும் இல்ல. காதுக்கு போற தமனி பிரியிற அதே பெரிய குழாய்தான் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் குடுக்குது, அங்க வர்ற ஸ்ட்ரோக்குல சில சமயம் காதுதான் மொதல்ல போகும். அதே மாதிரி பாத்ரூம்ல வழுக்கி தலையில அடிபட்டு காது கேக்காம போனாலும், அடி லேசா இருந்தாலும், இந்த மருந்து சாப்புடுறவங்கன்னா நேரா எமர்ஜென்சிதான், மூளைக்குள்ள ரத்தம் மெதுவா கசிஞ்சி பல மணி நேரம் கழிச்சிக்கூட காட்டும்.

வைத்தியம் முடிஞ்சதும் ஒரு தடவ, அப்புறம் 6 மாசத்துக்குள்ள இன்னொரு தடவ செவித்திறன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, கேக்குதேன்னு அத விட்டுராதீங்க. முழுசா திரும்பாதவங்களுக்கு ஹியரிங் எய்ட் இருக்கு, ஒரு பக்கம் சுத்தமா போனவங்களுக்கு அந்தப் பக்க சத்தத்த நல்ல காதுக்கு அனுப்புற மிஷினும் இருக்கு, ஈஎன்டில செவித்திறன சோதிக்கிற ஆடியோலஜிஸ்ட்கிட்ட கேளுங்க. அதுவரைக்கும் ரோட்ட கடக்குறப்போ, மோட்டார் ஓட்டுறப்போ சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது, வீட்டு ஆளுங்க நல்ல காது பக்கமா நின்னு பேசுங்க, அவங்க பதில் சொல்லலன்னா கோவிச்சிக்காதீங்க.